ஒடித்து நிறுத்திய சக்கரம்

ஜனவரி 6

ஐம்பது வருடம் பவர் ஸ்டியரிங் இல்லாமல் மலை ஏறி இறங்கிய வண்டிக்கு இப்போது எதற்குப் பவர் ஸ்டியரிங்? இன்று வத்தலக்குண்டுப் பட்டறையில் உதுமான் பாய் கேட்டார். பதில் என்னிடம் இல்லை. தோள் வலி என்று சொல்லிவைத்தேன். தோள் வலி இருப்பது உண்மை. அது பதில் இல்லை என்பதும் உண்மை.

வண்டி, அப்பா எழுபத்து நாலில் வாங்கிய ஜீப் பிக்கப். முன்னால் மூன்று பேர் உட்காரலாம், பின்னால் பதினைந்து மூட்டை காப்பி ஏற்றலாம். பாய் பானெட்டைத் திறந்து உள்ளே தலையை விட்டபடியே பேசினார்.

"வேற வண்டியோட ஸ்டியரிங் பெட்டி கொண்டாரணும். சேஸிஸ்ல பிளேட்டு வச்சு வெல்டு அடிக்கணும். பம்ப் மாட்ட என்ஜின்ல எடம் தேடணும். இத வித்துட்டுப் புதுசு வாங்கிரலாம்ல மேடம்? அறுபதாம் கல்யாணத்துல போயி ஜாதகம் பாக்குற மாதிரி இருக்கு."

"முடியுமா, முடியாதா?"

"முடியாதுன்னு சொல்லிப் பழக்கமில்ல. பதினஞ்சு நாள் ஆகும்." தலையை வெளியே எடுத்தார். "சந்தியாகு அண்ணன் எங்க? அவரு ஒரு தடவகூட கனமா இருக்குன்னு எங்கிட்ட சொன்னதில்லையே."

"போன ஜூலையோட நின்னுட்டார்."

நின்றுவிட்டார் என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். சந்தியாகு எங்கள் தோட்டத்துக்குப் பத்தொன்பது வருடம் ஓட்டினார். ஜூலையில் ஏழாம் கொண்டை ஊசி வளைவில் வண்டி தடுப்புச் சுவரில் மோதி, முன்சக்கரம் ஒன்று வெளியே தொங்கியது. நான் பக்கத்து இருக்கையில் இருந்தேன். அவருக்கு நெற்றியில் ஐந்து தையல். எனக்கு ஒரு கீறலும் இல்லை. அதற்குப் பிறகு அவர் எந்த வண்டியும் ஓட்டவில்லை.

பவர் ஸ்டியரிங் பொருத்தியதும் அவரைத் திரும்பக் கூப்பிடலாம் என்று இருக்கிறேன். ஐம்பத்தெட்டு வயது. கைக்குச் சுலபமாக இருக்கும். இதை பாயிடம் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று தெரியவில்லை.

ஜனவரி 7

காப்பி களத்தில் காய்கிறது. மேகம் கட்டிக்கட்டிக் கலைந்தது. தார்ப்பாயை மூன்று முறை போட்டு, மூன்று முறை எடுத்தோம்.

ஜனவரி 10

வண்டி இல்லாததால் பஸ். பக்கத்து இருக்கையில் கான்வென்ட் தலைமையாசிரியை சிஸ்டர் பெலிசிட்டா வந்து உட்கார்ந்தார். பத்து நிமிடம் பள்ளிக் கூரை ஒழுகுவதைப் பற்றிப் பேசினார். அப்புறம் மடியில் இருந்த பையை நேராக வைத்துக்கொண்டார்.

"எங்க வேன் டிரைவர் மகனோட திருப்பூர் போறாரும்மா. ஒண்ணாம் தேதிக்கு ஆள் வேணும். சந்தியாகு சம்சாரம் அடைக்கலம், கோயில்ல வந்து கேட்டுச்சு. அவர் மாட்டேங்கிறாராம், இந்தம்மாதான் பிடிச்சுத் தள்ளுது."

"நல்ல டிரைவர்தான் சிஸ்டர்."

"நல்ல டிரைவர்னு ஊருக்கே தெரியும். கை எப்படி? அன்னிக்கு நீங்கதானே பக்கத்துல இருந்தீங்க. பிள்ளைங்க ஏறுற வண்டி. உள்ளதச் சொல்லுங்க."

"யோசிச்சு சொல்றேன்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? தெரியும், இல்லாட்டித் தெரியாது." சிரித்தார். "சரி, மாசக் கடைசிக்குள்ள சொல்லிருங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா எனக்குப் போதும்."

அந்த வார்த்தையை நான் ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன். ஜூலையில், அந்தச் சுவரோரத்தில், கூட்டம் கூடிய இடத்தில். நெற்றியில் துண்டை அழுத்திக்கொண்டு அவர் கல்லில் உட்கார்ந்திருந்தார். என்ன ஆச்சு என்று யாரோ கேட்டார்கள். "சந்தியாகுவுக்குக் கை தளர்ந்துபோச்சு" என்றேன். அவர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார். சாயங்காலத்துக்குள் அந்த வாக்கியம் மலை முழுக்கப் போய்விட்டது. நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. அதனாலேயே நான் பேசினால் நின்றுவிடுகிறது.

விபத்துக்கு முந்தின இரண்டு மாதமாக அவர் ஒரு விஷயம் சொல்லிக்கொண்டிருந்தார் என்பதையும் எழுத வேண்டும். "ஸ்டியரிங்க ஒடிச்சா ஒடிச்ச எடத்துலயே நிக்குதும்மா. முந்தி வளைவு முடிஞ்சா தானா நேரா வரும். இப்ப நான் இழுத்துக் கொண்டாற வேண்டியிருக்கு. பாய்கிட்ட ஒருதரம் காட்டிருவோம்." நான் சொன்ன பதில்: "வயசாகுதில்ல."

ஜனவரி 12

பாய் போன் செய்து வரச் சொன்னார். பம்புக்கு வேண்டிய பிராக்கெட் லேத்தில் இருக்கிறது, கூப்பிட்டது அதற்காக இல்லை. ஒன்று காட்ட வேண்டும் என்றார்.

பழைய ஸ்டியரிங் பெட்டியைக் கழற்றி மேசை மேல் வைத்திருந்தார். பெரிய தேங்காய் அளவில் ஓர் இரும்பு. மேலே ஒரு தண்டு, கீழே ஒரு கை. பக்கவாட்டில் ஒரு ஸ்க்ரூ, அதைப் பிடித்து நிறுத்த ஒரு நட்டு. பெட்டி முழுக்க ஐம்பது வருடத்துக் கறுப்புப் பெயிண்டும் எண்ணெய் அழுக்கும். அந்த நட்டைச் சுற்றி மட்டும் பெயிண்ட் உடைந்து இரும்பு தெரிந்தது. ஸ்க்ரூ தலையில் புதுக் கீறல்.

"இதத் திருப்பிப் பாருங்க மேடம்" என்று தண்டைக் காட்டினார்.

இரண்டு பக்கக் கடைசியிலும் சுலபமாகச் சுற்றியது. நடுவுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டது. இரண்டு கையாலும் முறுக்கினேன். பல்லோடு பல் அரைபடுவது உள்ளங்கையில் தெரிந்தது.

"வண்டி நேராப் போற எடம் இந்த நடுவுதான். இங்கதான் தேய்மானம் ஜாஸ்தி. அதனால கம்பெனிக்காரனே நடுவுல இறுக்கமாவும் ஓரத்துல லூசாவும் செஞ்சிருப்பான். ஆட்டம் குறைக்கணும்னா சக்கரத்த நேரா வச்சுட்டுத்தான் இந்த ஸ்க்ரூவுல கை வைக்கணும். எவனோ சக்கரம் ஒடிச்சு நிக்கும்போது முடுக்கியிருக்கான். ஒடிச்சு நிக்கையில உள்ள லூசாத்தான் இருக்கும். ஆட்டம் இன்னும் இருக்கேன்னு முடுக்கிக்கிட்டே போயிருக்கான். அப்புறம் நேரா வரும்போது கவ்விப் பிடிக்கும்." நிறுத்தி, பெட்டியைத் தட்டினார். "மலையில எல்லாரும் சக்கரத்த மண்திட்டுப் பக்கம் ஒடிச்சுத்தானே நிறுத்துவீங்க. அப்படியே நின்ன வண்டியில வேல பாத்திருக்கான். கீழ்நாட்டுக்காரன் செய்யமாட்டான் இந்தத் தப்ப."

"இதனாலதான் வளைவுல..."

"பின்ன? வளைவுல ஒடிச்சுட்டு, நேராக்க இழுக்குறாரு. வரல. இன்னும் இழுக்குறாரு. அதுக்குள்ள சுவரு வந்துருச்சு. ஆனை பலம் இருந்தாலும் நேரத்துக்கு வராது மேடம்."

அப்புறம் கேட்டார்: "யாரு தொட்டது?"

பட்டறையில் இன்னொருவரும் இருந்தார், லாரி டிரைவர், டயர் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் தண்டைத் திரும்பவும் நடுவுக்குக் கொண்டுவந்தேன். பிடித்தது.

"சந்தியாகு அண்ணனாத்தான் இருக்கணும், வேற யாரு?" என்று பாயே பதிலும் சொன்னார். "ஆனா அவரு இப்படி அரைகுறையா செய்யிற ஆள் இல்லையே."

உள்ளே பல் போய்விட்டது, இந்தப் பெட்டி இனி ஆகாது, பழைய இரும்புக்குப் போட்டுவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், வண்டியின் பின்னால் போட்டுவையுங்கள் என்றேன்.

ஜனவரி 14

போகி. வீட்டில் எரிக்க ஒன்றும் எடுத்துவைக்கவில்லை.

ஜனவரி 16

நேற்று பொங்கல் என்பதால் எழுதவில்லை என்று எழுத நினைத்தேன். அது பொய்.

போன வருடம் மே பதினெட்டு. மகளுக்குப் பிரசவம் என்று சந்தியாகு நான்கு நாள் லீவில் போயிருந்தார். நானே வண்டியை எடுத்தேன். ஸ்டியரிங்கில் நான்கு விரற்கடை ஆட்டம் இருந்தது. அவர் பழகியவர், அவருக்கு அது பொருட்டில்லை. எனக்குப் பயமாக இருந்தது. பயம் என்று ஒப்புக்கொள்ளாமல், கணினியில் வண்டியின் மேனுவலைத் தேடி வேண்டிய பக்கங்களை அச்செடுத்தேன். நட்டைத் தளர்த்தவும், ஸ்க்ரூவை வலப்பக்கம் திருப்பவும், ஆட்டம் நின்றதும் நட்டை இறுக்கவும். பத்து நிமிட வேலை. வண்டி முற்றத்துச் சரிவில் நின்றது. பின்சக்கரத்துக்குக் கல், முன்சக்கரம் மண்திட்டுப் பக்கம் ஒடித்து. எப்போதும் நிற்கிற மாதிரி.

முடித்துவிட்டுக் கையில் ஒட்டிய கிரீஸை உடனே கழுவவில்லை. அவ்வளவு பெருமை.

இன்று அந்த அச்சுத் தாள்களைத் தேடி எடுத்தேன். நான் பின்பற்றியது இரண்டாவது தாள். முதல் தாளின் கடைசி வரியில் இருக்கிறது: சக்கரங்களை நேராக நிறுத்திய பிறகே தொடங்கவும். தாவரவியல் துறையில் பதினோரு வருடம் பாடம் எடுத்தேன். செய்முறையின் முன்னேற்பாட்டை எழுதாத பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன், கையெழுத்துப் போடாமல்.

சந்தியாகு லீவு முடிந்து வந்தபோது சொல்லவில்லை. அவராகக் கண்டுபிடித்து, "யாரும்மா ஆட்டத்த சரி பண்ணது?" என்று கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன். முற்றத்து வாசலைத் தாண்டும்போது அவர் முகத்தைக்கூடப் பார்த்தேன். அவர் அதைக் கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து, ஸ்டியரிங் திரும்பி வரமாட்டேன் என்கிறது என்று புகார் சொன்னார். அதற்குப் பிறகு சொல்ல முடியாமல் போனது.

ஜூலையில் எனக்குத் தெரியுமா? சந்தேகம் இருந்தது. சந்தேகத்தைத் தீர்க்க அந்த ஸ்க்ரூவை அரைச் சுற்றுத் தளர்த்தி ஓட்டிப் பார்த்தால் போதும். சுவரிலிருந்து மீட்டு மட்கார்டைத் தட்டி நிமிர்த்திய பிறகு, ஆறு மாதம் நானே அதை ஓட்டினேன். தோள் வலி அப்படித்தான் வந்தது. தளர்த்தவே இல்லை. தளர்த்தி, வண்டி சரியாகிவிட்டால் என்ன செய்வது? நிரூபிக்காத எதையும் நம்புவதில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறவள் நான். நிரூபணம் நடந்துவிடாமல் ஆறு மாதம் காவல் இருந்திருக்கிறேன்.

பாயின் கேள்விக்கு இது பதிலாக இருக்கலாம். புதுப் பெட்டி வந்தால் பழைய பெட்டி போய்விடும்.

ஜனவரி 18

மேஸ்திரி வீரணன் மிளகு பறிப்புக்கு ஆள் கணக்குச் சொல்ல வந்தார். சொல்லி முடித்தும் போகவில்லை.

"அந்த ஸ்க்ரூவ முடுக்கினது சந்தியாகுதானாம்ல."

"யார் சொன்னது?"

"டீக்கடையில பேச்சு. பாய் பட்டறைக்குப் போன லாரிக்காரன் சொன்னானாம். ஊருக்கு உபதேசம் பண்ற டிரைவரு, தன் வண்டிக்குத் தானே ஆப்பு வச்சுக்கிட்டாருன்னு சிரிக்கிறாங்க." தலையைச் சொறிந்தார். "நீங்களும் கூடத்தான் இருந்தீங்களாம். ஒண்ணும் மறுத்துப் பேசலையாம். அப்ப நெசந்தானே?"

நம்மிடம் நல்ல ஏணி எத்தனை இருக்கிறது என்று கேட்டேன்.

"ஆறு" என்றார்.

ஜனவரி 22

வண்டி தயார். பாய் என்னை உட்காரவைத்து, என்ஜினை ஓடவிட்டு, ஸ்டியரிங்கை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை திருப்பச் சொன்னார். குழாய்க்குள் இருக்கிற காற்று வெளியேற வேண்டுமாம். சின்ன டப்பாவில் எண்ணெய் நுரைத்தது. நுரை அடங்கும்வரை இருபது முறையாவது திருப்பியிருப்பேன். ஒரு விரல் போதும்.

"எப்படி?" என்றார்.

"நல்லா இருக்கு."

"நல்லா இருக்குன்னா கொஞ்சம் சிரிங்க மேடம். ஏதோ துட்டி வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கிறீங்க."

மலை ஏறும்போது ஏழாம் வளைவில், ஒடித்துவிட்டுக் கையைத் தளர்த்தினேன். ஸ்டியரிங் என் உள்ளங்கைக்குள்ளேயே வழுக்கிக்கொண்டு தானாக நேரானது. வண்டியை ஓரம் கட்டிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு வீட்டுக்குப் போகாமல் சந்தியாகு வீட்டுக்குப் போனேன்.

அவர் வாசலில் கூடை பின்னுகிற மூங்கில் பட்டைகளை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தார். அடைக்கலத்தின் அண்ணன் கூடை வியாபாரி. அதில் ஏதோ வேலை. எழுந்து நின்றார். நெற்றித் தழும்பு புருவத்துக்குள் இறங்கியிருக்கிறது.

"வாங்கம்மா. பவர் ஸ்டியரிங் போட்டாச்சா? பேசிக்கிட்டாங்க."

"ஓட்டிப் பாருங்க. பஞ்சு மாதிரி இருக்கு. நீங்க திரும்ப வரலாம். இப்ப உங்க கைக்குக்கூடக் கஷ்டம் இருக்காது."

எழுதும்போதுதான் தெரிகிறது, என்ன சொல்லியிருக்கிறேன் என்று. உங்கள் கைக்குக்கூட.

அவர் வண்டியின் பக்கம் பார்த்தார். பானெட் மீது கை வைக்கப் போனவர் எடுத்துக்கொண்டார்.

"வேணாம்மா. பஞ்சு மாதிரி இருந்தாலும் பிடிக்கிற கை நம்பிக்கையா இருக்கணும்ல. அன்னிக்கு முழு பலத்தையும் போட்டுத்தான் இழுத்தேன். வரலையே. கைக்குள்ள என்னமோ விட்டுப்போச்சு." இரண்டு கைகளையும் விரித்து மூடினார். "கான்வென்ட்டு வேனுக்குக் கேட்டாங்க. இவ உயிர எடுக்கிறா. பிள்ளைங்க வண்டிம்மா அது. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு சிஸ்டர்கிட்ட முடியாதுன்னு சொல்லிரப் போறேன்."

"ஸ்க்ரூவ நீங்க முடுக்கினதா..." என்று தொடங்கினேன்.

"ஆமா, அதுவும் சொல்றாங்க." சிரித்தார். "நான் தொட்ட ஞாபகமே இல்ல. ஒருவேள தொட்டேனோ என்னமோ. கையே போன ஆளுக்குப் புத்தி மட்டும் இருக்குமா?"

அடைக்கலம் உள்ளிருந்து காப்பி கொண்டுவந்தார். அவர் கையிலும் புடவையிலும் தைல வாசனை. குடித்தேன். சொல்லவில்லை. வண்டியை எடுத்துத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன், ஒரு விரலால்.

ஜனவரி 23

வண்டியை எடுக்கவில்லை. களத்துக்கும் போகவில்லை, காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். காய்ச்சல் இல்லை.

ஜனவரி 27

நாளை ஞாயிறு. எட்டு மணிப் பூசைக்கு முன்னால், ஏழுக்கே சந்தியாகு வீட்டுக்குப் போய்விட வேண்டும். சிஸ்டரிடம் அவர் பேசுவதற்கு முன்னால். அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். அடைக்கலம் அருகில் இல்லாமல் இருந்தால் நல்லது. அவர் பிறகு மனைவியிடம் தன் விதத்தில் சொல்லிக்கொள்வார். நான்கு வாக்கியம் போதும்.

மே பதினெட்டாம் தேதி அந்த ஸ்க்ரூவை முடுக்கியது நான். சக்கரம் ஒடித்து நின்றபோது முடுக்கினேன், அது தவறு. விபத்துக்கு அதுதான் காரணம், உங்கள் கை இல்லை. இதைத் தெரிந்தும் ஆறு மாதம் சொல்லவில்லை, என்னை மன்னியுங்கள்.

அவர் கோபப்படுவார். அல்லது, பரவாயில்லம்மா என்பார். இரண்டாவதுதான் நடக்கும் என்று நினைக்கிறேன். பத்தொன்பது வருடமாக அதைத்தான் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு நான் சிஸ்டருக்கு இரண்டு வரி கடிதம் எழுதிக் கொடுத்தால் போதும்.

ஜனவரி 28

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஏழுக்குப் போகவில்லை. ஆறரைக்குக் குளித்து, புடவை மாற்றி, இன்னொரு புடவை மாற்றி, களத்துக்குப் போய்ப் பத்து நிமிடம் காப்பியைக் கிளறினேன். அவர்கள் வீட்டை அடைந்தபோது மணி பத்து. பூசை முடிந்து வந்துவிட்டிருந்தார்கள். சிஸ்டரிடம் முடியாது என்று சொல்லியும்விட்டார்.

சந்தியாகு தெருக் குழாயில் வால்வு மாற்றிக்கொண்டிருந்தார். கூட, பக்கத்து வீட்டு இன்னாசி. மலைவாழை ஏற்றுகிற பழைய ஜீப் வைத்திருப்பவர். தண்ணீருக்குக் காத்து இரண்டு பெண்கள் குடத்தோடு நின்றார்கள். உள்ளே போய்ப் பேசலாமா என்று கேட்டேன்.

"கையெல்லாம் சேறும்மா. இங்கயே சொல்லுங்க."

அவர்கள் போவார்கள் என்று நின்றேன். யாரும் போகவில்லை. இன்னாசி ஒரு பெண்ணைக் குடத்தைத் தள்ளிவைக்கச் சொல்லி எனக்கு நிழலில் இடம் செய்தார். வண்டியின் பின்னாலிருந்து பழைய பெட்டியை இறக்கி சந்தியாகு முன்னால் வைத்தேன். நான்கு வாக்கியத்தில் முதலாவதை மட்டும் சொன்னேன். மிச்சம் வரவில்லை.

சந்தியாகுவுக்கு உடனே புரியவில்லை. முதலில் அவர் கேட்டது ஒரு டிரைவர் கேட்கிற கேள்வி.

"நேரா வச்சுட்டா முடுக்கினீங்க?"

"இல்ல. முற்றத்துல நின்னபடியே."

"ஒடிச்சு வச்சபடியா?"

"ஆமா."

இன்னாசி சிரித்துவிட்டார். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு குழாயைப் பார்த்தார். அப்போது நான் சொன்னேன்: "மேனுவல்ல தெளிவாப் போடல." அது பொய். நான்கு வாக்கியத்தில் அது இல்லை. அது மட்டும் தடையில்லாமல் வந்தது.

சந்தியாகு குத்துக்கால் போட்டு உட்கார்ந்து பெட்டியின் தண்டைப் பிடித்துத் திருப்பினார். ஓரத்தில் சுற்றியது. நடுவில் பிடித்தது. மறுபடி. மறுபடி. சேறு படிந்த கையில் நரம்பு புடைத்தது.

"அப்ப அன்னிக்கு நான் திருப்பினது?"

"சரியாத்தான் திருப்பினீங்க."

"நேரத்துக்குத்தான் இழுத்தேன்?"

"நேரத்துக்குத்தான் இழுத்தீங்க. வண்டிதான் வரல."

"இன்னொரு தரம் சொல்லுங்க."

சொன்னேன். அவர் எழுந்து வீட்டுப் பக்கம் திரும்பி, "அடைக்கலம், இங்க வா" என்றார். அந்த அம்மா வந்தார். "இவகிட்டயும் சொல்லுங்க."

சொன்னேன். அடைக்கலம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். முடித்ததும் கொஞ்ச நேரம் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஆறு மாசமா ராவும் பகலும் இந்தக் கைக்குத் தைலம் தேச்சேன். மதுரைக்குக் கூட்டிப்போயி நரம்பு டெஸ்ட் எடுத்தோம். ஒண்ணுமில்ல, நல்லாருக்குன்னாரு டாக்டரு. நாங்க டாக்டர நம்பல. உங்கள நம்பினோம்." குரல் உயரவே இல்லை. "படிச்சவங்க, பக்கத்துல உக்காந்து பாத்தவங்க, அவங்க சொன்னா இருக்கும்னு. போன வெள்ளிக்கெழம பேரன இவரு தூக்க மாட்டேன்னுட்டாரு. கைதவறிப் போட்டுருவேனாம்."

சந்தியாகு பரவாயில்லம்மா என்று சொல்லவில்லை. கோபப்படவும் இல்லை. என் பிக்கப்பின் சாவியை நீட்டினேன், ஓட்டிப் பார்க்கிறீர்களா என்று. அவர் அதை வாங்கவில்லை.

"இதுல என்ன தெரியும்? இத சின்னப்புள்ளகூட ஒடிக்கும். இதுல ஓட்டினா என் கையா, உங்க பம்பான்னு எனக்கு எப்படித் தெரியும்?" இன்னாசியிடம் திரும்பினார். "உன் ஜீப்பக் குடுடா."

"பிரேக்கு கொஞ்சம் கீழ எறங்கும் மச்சான்."

"பிரேக்கப் பத்தி யாரு கேட்டா?"

அந்த ஜீப்பில் பவர் ஸ்டியரிங் இல்லை. ஏறி உட்கார்ந்து, சேற்றுக் கையைத் தொடையில் துடைத்தார். இரண்டு முறை ஸ்டியரிங்கைப் பிடித்தார், விட்டார். பிறகு கிளப்பிக்கொண்டு கீழே போனார்.

நாங்கள் குழாயடியில் நின்றோம். வண்டி கண்ணுக்குத் தெரியவில்லை, சத்தம் மட்டும். வளைவுக்கு வளைவு சத்தம் பாறைக்குப் பின்னால் போய்விட்டுத் திரும்ப வந்தது. அடைக்கலம் ஒவ்வொன்றையும் எண்ணினார், உதடு அசையாமல், விரலை மடக்கி. ஏழாவது விரலை மடக்கியபோது சத்தம் நின்றுவிட்டது. இன்னாசி, "திருப்புறான், திருப்புறான்" என்றார். குடத்தோடு நின்ற பெண்களில் ஒருத்தி என்னைப் பார்த்தாள். அப்போது நான் தரையைப் பார்த்தேன். பெட்டியிலிருந்து கொஞ்சம் எண்ணெய் மண்ணில் இறங்கியிருந்தது.

சத்தம் திரும்பக் கேட்டது. ஏறி வந்தது. அவர் ஜீப்பை வீட்டு முன்னால் கொண்டுவந்து, சக்கரத்தை மண்திட்டுப் பக்கம் ஒடித்து நிறுத்தி இறங்கினார். சாவியை இன்னாசியிடம் கொடுத்தார். குழாயில் கையைக் கழுவினார், முழங்கை வரைக்கும், மெதுவாக. அடைக்கலம் துண்டைக் கொடுத்தார். அதில் முகத்தையும் துடைத்தார். ரொம்ப நேரம் துண்டை முகத்திலேயே வைத்திருந்தார்.

"சட்ட மாத்திட்டு வர்றேன். சிஸ்டரப் பாத்துருவோம்" என்று மனைவியிடம் சொன்னார்.

நான் கிளம்புவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றேன். அடைக்கலம்தான், "நீங்களும் வாங்க. நீங்க சொல்லணும்" என்றார்.

கான்வென்ட் முக்கால் மைல். வண்டியில் போய்விடலாம் என்று சொன்னேன். அவர்கள் நடக்கத் தொடங்கினார்கள். பின்னாலேயே நடந்தேன். வழியில் டீக்கடை. வீரணன் உட்பட ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். சந்தியாகு நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அங்கேயும் சொன்னேன். வீரணன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்துகொண்டார்.

சிஸ்டர் பெலிசிட்டா நூலகத்தில் இருந்தார். உட்காரச் சொன்னார். நான் நின்றபடியே, மே பதினெட்டிலிருந்து தொடங்கிச் சொன்னேன். இந்த முறை நான்கு வாக்கியமும் வந்தன. மேனுவல் தெளிவாக இருந்தது, நான் முதல் தாளைப் பார்க்காமல் விட்டேன் என்பதையும் சொன்னேன். முடிந்ததும் சிஸ்டர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார்.

"எழுதிக் குடுங்க. தேதி போட்டு."

நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே சிஸ்டர் சந்தியாகுவைக் கேட்டார்: "இவங்க சொன்னதக் கேட்டாச்சு. நீங்க சொல்லுங்க. கை எப்படி இருக்கு?"

"கைக்கு ஒண்ணுமில்ல சிஸ்டர்" என்றார். "வண்டிய எப்ப எடுக்கணும்?"

வியாழக்கிழமை, ஒன்றாம் தேதி, காலை ஏழு மணிக்கு என்றார் சிஸ்டர். அவர்கள் இருவரும் எழுந்து போனார்கள். எனக்கு இன்னும் இரண்டு வரி எழுத வேண்டியிருந்தது.